வாதாங்கொட்டைக் கறை

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி வாதாங்கொட்டைப் பழத்தின் படத்தைப் போட்டு, இது யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான், நீங்கள் எல்லோரும் உருகத் தொடங்கிவிட்டீர்கள். இதயம் போட்டீர்கள், அழுகிற முகம் போட்டீர்கள், அந்த நாள் மாதிரி இனி வருமா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டீர்கள். நான் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். அந்த நாள் வர வேண்டாம், தாயே. எனக்கும் உங்களைப் போல நாற்பத்தைந்து முடிந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, தலைக்குச் சாயம் பூசாமல் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. இருந்தாலும் பன்னிரண்டு வயதுக்குத் திரும்பிப் போகிறாயா என்று யாராவது கேட்டால் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு இங்கேயே இருந்துகொள்வேன். ஏன் என்று குழுவில் எழுதினால் நீளம் என்பீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் ஐந்து வீடுகள், எதிரே வீட்டுக்காரம்மாவின் மாடி வீடு, இரண்டுக்கும் நடுவே சிமென்ட் வாசல். வாசலின் கோடியில் கிணறு, கிணற்றடியில் துவைக்கிற கல், கல்லுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வாதா மரம், நாட்டு பாதாம் என்பார்களே, அது. சிறுவாணித் தண்ணீர்க் குழாய் வாசலுக்கு உள்ளேயே இருந்தது. தெருக்குழாயில் குடத்தை வரிசை வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்க வேண்டியதில்லை. அதனால் அந்த வீடுகளில் ஒன்று காலியானால் மறுநாளே புது ஆள் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவளை மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை, அவள் என்றே எழுதுகிறேன்.

மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அடுக்கடுக்காகக் கிளையை விரித்து, அந்த வாசலுக்கு இருந்த ஒரே நிழலைக் கொடுத்தது. ஆனி மாதம் பழுக்கும். சில மரங்களில் பழத்தின் சதை வெளுப்பாக இருக்கும். எங்கள் மரத்தில் நல்ல சிவப்பு. கடித்தால் முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு, நாக்கு தடித்துப்போனது போலாகும். ராத்திரி வௌவால்கள் கடித்துப் போட்டவை விடியும்போது சிமென்ட்டில் சிதறிக் கிடக்கும். வீட்டுக்காரம்மா அதில் ஒன்றைக்கூடத் தன் வாழ்நாளில் வாயில் வைத்ததில்லை. வௌவால் எச்சில் என்று முகத்தைச் சுளிப்பாள். அவள் எழுந்து வருவதற்குள் வாசல் கூட்டுகிறவள் பழங்களைக் கூடையில் அள்ளிக் கிணற்றடியில் வைப்பாள், சாயங்காலம் காய்ந்த இலையோடு சேர்த்து எரிப்பார்கள். வீட்டுக்காரம்மா தானும் தின்ன மாட்டாள், எங்களையும் தொட விட மாட்டாள்.

"என்ற மரத்துல எந்தப் புள்ளை கை வெக்குதோ, அது அப்பனாத்தா அடுத்த ஒண்ணாந்தேதி சாமானை எடுத்துப்போட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்" என்று வாசலில் நின்று எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள்.

வெறும் பேச்சில்லை. மூன்றாம் வீட்டில் இருந்தவர்களின் பையன் கல்லெறிந்து பழம் அடித்தான் என்று அவர்களைக் காலி செய்ய வைத்தாள். அந்த வீட்டு அம்மா மாட்டு வண்டியில் கட்டிலை ஏற்றிவிட்டு, அம்மியை ஏற்ற ஆள் இல்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். ஏன் அவள் அப்படி இருந்தாள் என்று இப்போது யாராவது காரணம் தேடித் தர வேண்டாம். சிலருக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

தொடாதே என்றால் தொடுகிற வயது. பக்கத்து வீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பஸ். நாங்கள் இரண்டு பேரும் லீவு நாள் மத்தியானம் கூடையிலிருந்து நாலு பழம் எடுப்போம். சதையைக் கடித்துத் துப்பிவிட்டுக் கொட்டையை எங்கள் லைன் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே காயப் போடுவோம். நன்றாகக் காய்ந்த கொட்டையைத்தான் உடைக்க முடியும். படுக்க வைத்து அடித்தால் உள்ளே இருப்பது நொறுங்கி நாரோடு நாராகிவிடும். விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அந்த விளிம்பிலேயே கல்லால் ஒரே அடி அடிக்க வேண்டும். சரியாக விழுந்தால் இரண்டாகப் பிளக்கும். தப்பினால் நகம் கருத்துப்போகும். அத்தனை பாட்டுக்கும் உள்ளே இருப்பது சுண்டுவிரல் நுனி அளவு வெள்ளைப் பருப்பு. சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். பாலும் நெய்யும் கலந்த ருசி.

உடைக்கிற சத்தம் வீட்டுக்காரம்மா காதுக்குப் போகுமே? அதற்கும் வழி வைத்திருந்தோம். பக்கத்து மில்லில் மூன்றரை மணிக்குச் சங்கு ஊதும். முழு நிமிடம்கூட ஊதாது. சங்கு எழும்பியதும் அடிக்க ஆரம்பித்து அது இறங்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும். கை பழகியவர்கள் அதற்குள் ஐந்து கொட்டை உடைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி ஆறு உடைப்பாள். மில் ஆட்களை வேலைக்கு அழைக்கிற சங்கு எங்களைத் திருடக் கூப்பிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களில் பாதிப் பேர் மறந்திருப்பீர்கள். ஏழாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடக் கோ-கோ அணியில் இருந்தேன். ஆர்.எஸ்.புரத்துப் பள்ளிக்கூடத்தின் அந்தச் செம்மண் மைதானத்தில் என்னைத் துரத்தித் தொட்டவர்கள் குறைவு. குள்ளமாக இருந்ததால் குனிந்து திரும்புவது எனக்குச் சுலபம். அந்த வருடம் எங்கள் அணி ஈரோட்டில் நடக்கிற போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. ரயிலில் கூட்டிப்போவதாக பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். நான் அதுவரை ரயில் ஏறியதில்லை. ஏறாதது பெரிதில்லை, ஒரு காரியத்தில் நான் கெட்டிக்காரி என்று என் வீட்டைச் சேராத ஒருத்தர் சொன்னது அதுவே முதல் தடவை. ராத்திரி படுத்துக்கொண்டு, எந்தத் தூணிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று கண்ணை மூடிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரியும் அணியில் இருந்தாள், ஆனால் உபரி ஆளாக. யாருக்காவது கால் பிசகினால்தான் அவளுக்கு இடம்.

இனி எங்கள் வீட்டுச் சண்டை. அப்பா பம்புசெட் பட்டறையில் லேத்தில் வேலை பார்த்தார். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, தாராபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துக்காரர். அவர் புது வீடு கட்டிப் புகும்போது பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். வெங்காயம் பிடுங்குகிற சமயம், வர முடியவில்லை என்று உள்ளே ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார். தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வீடு தேடி வந்து, வாய் திறந்து அழைக்க வேண்டிய மச்சினன் தபாலில் அழைத்தானா என்று அப்பா அந்தப் பத்திரிகையை நாலாகக் கிழித்தார்.

"தபால்காரனையே வீட்டுக்குக் கூட்டி வெச்சுச் சோறு போடச் சொல்லு. நாம எதுக்கு?" என்றார்.

"நான் மட்டுமாச்சும் போயிட்டு ஓடியாந்தர்றனுங்க" என்று அம்மா கேட்டாள்.

"போ. போனா அங்கயே இருந்துக்கோ."

அம்மா போகவில்லை. அதற்குப் பிறகு தாராபுரத்திலிருந்தும் யாரும் வரவில்லை. பொங்கலுக்கு வருகிற வெல்லமும் நிலக்கடலையும் நின்றன. மூன்று வருடம் அப்படியே ஓடியது. அம்மா அதைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தாராபுரம் பஸ் சத்தம் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் போனால் மட்டும் கையில் இருக்கிற வேலை ஒரு நொடி நிற்கும்.

ஆனி மாதம் இருபது தேதி வாக்கில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் கிணற்றடிக்குப் போனோம். நான் சந்தன நிறப் பாவாடை கட்டியிருந்தேன். கூடையிலிருந்து நன்றாகப் பழுத்த நாலைந்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தேன். திடீரென்று வீட்டுக்காரம்மாவின் பின்கட்டுக் கதவுத் தாழ் விலகுகிற சத்தம். கூட இருந்தவள் எந்தப் பக்கம் ஓடினாள் என்றே தெரியவில்லை. நான் மடியிலிருந்தவற்றை அப்படியே கல்லில் கொட்டி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்காரம்மா காயப் போட்ட மிளகாயைப் புரட்டுவதற்காக வந்தவள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இங்க என்ன பண்ற?"

"சும்மா உக்காந்திருக்கனுங்க."

"சும்மா உக்கார ஊட்ல எடமில்லையா?"

அவள் குனிந்து மிளகாயைப் புரட்டப் புரட்ட, நான் பின்னால் கையை விட்டு, எனக்கு அடியில் கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகக் கல்லுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு நன்றாக நசுங்கிவிட்டன. ஈரம் துணியைத் தாண்டி உறைத்தது. மூன்றாம் வீட்டு அம்மா அம்மி மேல் உட்கார்ந்து அழுதது கண்ணுக்குள் வந்தது. எங்கள் கட்டில், எங்கள் அம்மி, எங்கள் அம்மா.

"எந்திரிச்சுப் போ" என்றாள்.

எழுந்து போனேன். நாலு அடி வைத்திருப்பேன்.

"நில்லு!"

மாட்டிக்கொண்டோம் என்று கண்ணை இறுக்கி மூடினேன். அவள் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்தாள். அடி விழும் என்று காத்திருந்தால், அந்தக் கை என் தலையை வருடியது. அவள் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

"அட என் கண்ணு! இதுக்குத்தான் தனியா வந்து உக்காந்திருந்தியா? பயந்துக்காத சாமி" என்றாள். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூவினாள். "ஏனம்மணி! இங்க ஓடியா! உன்ற புள்ளை பெரிய மனுசி ஆயிப்போட்டா!"

தன் மரத்துப் பழத்தின் சாறு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு தடவை கடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

அம்மா ஓடி வந்து தன் தோளில் கிடந்த துண்டை என் இடுப்பில் சுற்றினாள். ஐந்து வீட்டுப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். வீட்டுக்காரம்மா உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவந்து என் வாயில் போட்டாள். என்னை மாதிரி ஒரு பிள்ளை இந்த வளவுக்கே லட்சணம் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒன்றாம் தேதி சாமானைத் தூக்க வேண்டும், திறக்காவிட்டால் சர்க்கரை. பன்னிரண்டு வயதில் நீங்கள் எதை எடுத்திருப்பீர்கள்? இது ஒரு நாள் கூத்து, நாளைக்கு எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

என்னைக் குளிக்க வைத்து, வேறு துணி கொடுத்து, மூலையில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். பாவாடையை அம்மா குளியலறைக்கு எடுத்துப்போனாள். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. அம்மா அதைத் தண்ணீரில் முக்கினாள், கசக்கினாள், தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அம்மா வெளியே வந்து என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வயிறு வலிக்குதா கண்ணு?"

"ஆமாம்மா" என்றேன்.

"நெசமாலுமா?"

"ஆமா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள். அந்தப் பாவாடையை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து வந்ததும், கை கால் கழுவக்கூட விடாமல் அம்மா வாசற்படியில் நின்று பேசினாள். அப்பாவிடம் அவள் குரல் அவ்வளவு நேராகப் போய் நான் கேட்டதில்லை.

"ஏனுங்க, எங்கண்ணனுக்குச் சொல்லியனுப்போணுமுங்க. தாய்மாமன் பச்சை ஓலை கொண்டாந்து கட்டாம இவளை ஊட்டுக்குள்ள பொழங்க உட முடியாதுங்க."

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"ஆடி பொறந்துட்டா ஒரு மாசம் ஒண்ணும் செய்ய முடியாதுங்க. அதுக்குள்ள பண்ணிப்போடோணும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உன்ற இஷ்டம்" என்றார். பட்டறையில் எல்லோரிடமும் வீறாப்புப் பேசுகிறவருக்கு இதில் மட்டும் பேச இடமில்லை. மகளுக்குச் சீர் செய்யத் தாய்மாமன் வரவில்லை என்று ஊர் பேசினால் அந்த அவமானம் அவர் தலையில்தான் விழும்.

ஒன்பது நாள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தின்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். தனித் தட்டு, தனி டம்ளர். பள்ளிக்கூடம் கிடையாது. ஆறாம் நாள் ஈரோட்டில் போட்டி. அது எனக்கு நினைவு வந்தது மறுநாள் காலையில்தான். அந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மூன்று தடவை அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து நிற்பாள், "என்ன கண்ணு, சொல்லு" என்பாள். நான் ஜன்னல் வழியே மாடி வீட்டைப் பார்ப்பேன். "ஒண்ணுமில்லம்மா" என்பேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். அவளுக்கு உண்மை தெரியும். முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் நாள் நான் அவளைக் கெஞ்சினேன்.

"நீ எங்கம்மாகிட்ட சொல்லேன். நீ சொன்னா நம்புவாங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கன்னு சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் வரவில்லை. உபரி ஆளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போன வாரம் குழுவில் படம் போட்டவள் அவள்தான். யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று வேறு கேட்கிறாள்.

நாலாம் நாள் பி.டி. டீச்சர் எங்கள் வீடு தேடி வந்தார். வெயிலில் பஸ் ஏறி வந்த களைப்பு குரலில் தெரிந்தது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் எழுந்து நின்றேன்.

"ரெண்டு நாள்தாங்க. நானே கூட இருந்து பாத்துக்கறேன். இப்பெல்லாம் புள்ளைங்க இதுக்காக வெளையாட்டை விடறதில்லைங்க. இவ இல்லாட்டி டீம் நிக்காதுங்க" என்றார்.

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். பதமாகத்தான் பேசினாள்.

"நீங்க இத்தனை தொலைவு வந்ததே பெருசுங்க டீச்சர். ஆனா ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சுங்க. அவ மாமன் வாராருங்க. இனி அவ ஓட மாட்டாளுங்க."

திரைக்கும் எனக்கும் ஒரு சாண் இடைவெளி. ஒரு எட்டு வைத்து வெளியே வந்து, டீச்சர், இது வெறும் வாதாங்கொட்டைச் சாறு என்று சொல்ல வேண்டியதுதான். வாசலில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்து பாசிப்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மோர் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. அவர் இரும்புக் கேட்டைச் சாத்திக்கொண்டு போன பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். கோழை என்று அன்றைக்கு எனக்கு நானே வைத்த பெயர் இன்றுவரை போகவில்லை.

ஆறாம் நாள் விடியற்காலை பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளைக் கான்வாஸ் ஷூ சிமென்ட்டில் நடந்து போனது.

ஒன்பதாம் நாள் மாமா வந்தார். டெம்போவில் தென்னை ஓலை, வாழைத்தார், தேங்காய், பழத்தட்டு, பட்டுத்துணி எல்லாம் வந்து இறங்கின. அத்தையும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் வந்தார்கள். அப்பா கேட்டருகே வெள்ளை வேட்டியோடு நின்றிருந்தார். எல்லோருடைய கண்ணும் அப்பாவின் வாயிலேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்த எதிரியைக்கூட "வாங்க" என்று சொல்லாமல் விட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. மாமா டெம்போவிலிருந்து இறங்கி அப்பாவுக்கு நேரே வந்து நின்றார். அப்பா அவரைத் தாண்டிப் பார்த்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவனிடம் கை நீட்டினார்.

"வாங்க டிரைவர் தம்பி, வாங்க வாங்க! எறங்கி வந்து தண்ணி குடிங்க!"

டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தான். ஊர்க்காரர்களில் ஒருவர், "போலாமுங்க, ஓலையைத் திருப்பி ஏத்துங்க" என்றார். மாமாவின் காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் அவர் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தானே ஓலைக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கியா அம்மணி?" என்று கேட்டார். ஓலையை வளைத்துச் சடங்குக் குடிசையாகக் குச்சு கட்டினார். தட்டுகளை வரிசையாக வைத்தார். செய்ய வேண்டியதில் ஒன்றையும் குறைக்கவில்லை. பந்தி போட்டபோது மட்டும், கை நனைக்காமல் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். வீட்டுக்காரம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கினாள்.

பட்டுப்பாவாடையில் பொம்மை மாதிரி உட்கார வைத்திருந்த இடத்திலிருந்து எனக்குக் கிணற்றடி தெரிந்தது. மாமா துவைக்கிற கல்லருகே நின்றிருந்தார். அம்மா ஒரு டம்ளர் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எளைச்சுப்போட்டீங்களேண்ணா" என்றாள்.

"நீ மட்டும் என்ன" என்றார் மாமா.

காப்பியை வாங்கி ஆற்றி ஆற்றிக் குடித்தார். அம்மா பக்கத்தில் நின்று என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், நடுவில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து நிமிடம் இருக்கும். டெம்போ கிளம்புகிற சத்தம் கேட்டதும் மாமா டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் கடைசிவரை "வாங்க" சொல்லவில்லை.

பத்தாம் நாள் பள்ளிக்கூடம் போனேன். ஈரோட்டில் இரண்டாம் பரிசு வாங்கியிருந்தார்கள். மைதானத்தில் கோப்பையை வைத்துக்கொண்டு எடுத்த போட்டோ உங்களில் பலரிடம் இருக்கிறது. நான் அதில் இல்லை. அப்பா, இனிமேல் மைதானத்துப் பக்கம் போனால் படிப்பே கிடையாது என்று சொல்லிவிட்டார். டீச்சர் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரியும் நானும் ஒரே பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரம்மா மட்டும் என்னைக் கண்டால் கண்ணு, சாமி என்று கொஞ்சுவாள்.

அடுத்த வருடம் சித்திரையில், முழுப் பரீட்சை முடிந்த மறுநாள், நிஜமாகவே வந்தது. பயமாக இருந்தது. ஊரே வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போன ஒரு காரியத்தை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? கூடி நிற்க ஆளில்லை, சர்க்கரை இல்லை. அப்பா பட்டறைக்குப் போன பிறகு சமையலறைக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். காதருகே போய்ச் சொன்னேன். அம்மா திடுக்கிடவில்லை, கையில் இருந்த சட்டியைக்கூட வைக்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதாச்சும் நெசந்தானே கண்ணு?"

சட்டியோடு அவள் கையைப் பிடித்தேன்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தொவைக்கறவளுக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வந்து வந்து கேட்டேன். நீ வாயே தொறக்கலை. எனக்கும் அது தோதாப் போச்சு."

ஒளிக்காமல்தான் சொன்னாள். ஒரு அண்ணனைப் பார்க்க இப்படி ஒரு பொய் வேண்டியிருந்த அந்த வீட்டை, போனால் அங்கேயே இருந்துகொள் என்ற அப்பாவின் அந்தப் பேச்சை நான் வெறுத்திருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்குக் கைக்கு எட்டியது அம்மா மட்டும்தான். அவளை வெறுத்தேன். அடித் தொண்டையிலிருந்து கத்தினேன்.

"நான் ஈரோடு போயிருப்பேன்! நான் ஈரோடு போயிருப்பேம்மா!"

அம்மா களைந்த அரிசியை உலையில் போட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பரணிலிருந்து பழைய வேட்டித் துணியை எடுத்து, பதமாக மடித்து என் கையில் வைத்தாள்.

"நீ போயிருப்பே கண்ணு," என்றாள். "எங்கண்ணன் வந்திருக்க மாட்டாரு."